ஆண்கள் ஐக்கியத்த நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்: எங்கள வேலை வாங்குனது போதும், கொஞ்சம் விசாரிங்க

கோலாலம்பூர்லயும் கிள்ளான் பள்ளத்தாக்குலயும் இருக்குற தமிழ் சபைகளோட பாஸ்டர்மாருக்கும், மூப்பர்மாருக்கும், ஆண்கள் ஐக்கியத்த எடுத்து நடத்துற அண்ணன் தம்பிமாருக்கும், இயேசுவின் நாமத்துல ஸ்தோத்திரம்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு தமிழ் சபைக்கு ரொம்ப வருஷமா போற சாதாரண ஆளு. பிரசங்கியார் இல்ல, கமிட்டியில பொறுப்பும் இல்ல, வேர்ஹவுஸ்ல சூப்பர்வைசர் வேல, கல்யாணம் ஆகி பிள்ளைங்க பெருசாயிட்டாங்க. இந்த மடல ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் எழுதுறேன். நம்ம சபைகள் ஆம்பளைங்கள நல்லா வேலை வாங்குது, ஆனா அவன் எப்படி வாழுறான்னு விசாரிக்கிறது இல்ல. இத மாத்தணும்னு உங்க கிட்ட மனசார கேக்குறேன்.

யோசிச்சுப் பாருங்க. ஆம்பளைன்னா சபையில என்னென்னத்துக்கு கூப்பிடுறோம்? காடி பார்க்கிங் பாத்துக்க, நாற்காலி அடுக்க, சவுண்ட் சிஸ்டம் தூக்க, கிறிஸ்மஸ் கேரலிங்குக்கு வேன் ஓட்ட, பிரியாணி சட்டி எறக்க, யாராவது தவறிட்டா சவப்பெட்டி சுமக்க. எல்லாம் நல்ல வேலதான், நான் குறை சொல்லல, இதையெல்லாம் சந்தோஷமா செய்யற மனுஷங்கள எனக்குத் தெரியும். மாசத்துக்கு ஒரு தடவ ஆண்கள் ஐக்கியம் கூடுது, ஒரு பாட்டு, ஒரு தியானம், அப்புறம் நாசி லெமாக், அப்புறம் பேட்மிண்டன் இல்லன்னா ஃபுட்சால், முடிஞ்சது. "எப்படி இருக்கீங்க பிரதர்?" "கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்." அதுக்கு மேல ஒரு கேள்வி கிடையாது. மாதர் சங்கத்துல போய் கேளுங்க, யாருக்கு சக்கரை ஏறிருக்கு, யாரு மருமக மாசமா இருக்கா, யாரு வீட்டுல ரெண்டு மாசமா வாடகை கட்டல, எல்லாம் அவங்களுக்குத் தெரியும், தெரிஞ்சு சோறு ஆக்கி கொண்டு போய் குடுப்பாங்க. எங்களுக்கு பக்கத்து சீட்ல வருஷக்கணக்கா உக்காந்திருக்கிற ஆளுக்கு வேல போனது கூட அவன் காடிய பேங்க் இழுத்துட்டு போன பிறகுதான் தெரியுது.

விசுவாசத்த நாம ஞாயித்துக்கிழமையில வச்சு அளக்குறோம், அதான் பிரச்சனையோட வேருன்னு நான் நினைக்கிறேன். ஆராதனைக்கு வந்தானா, தசமபாகம் குடுத்தானா, உபவாச ஜெபத்துக்கு உக்காந்தானா. யாக்கோபு அளந்தது வேற மாதிரி. "விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்"னு அவர் எழுதுறதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி பாருங்க, துணி இல்லாத, அன்னன்னைக்கு சாப்பாடு இல்லாத ஒரு சகோதரனப் பத்தித்தான் பேசுறாரு, அவன்கிட்ட சமாதானத்தோட போங்கன்னு வாயில சொல்லி அனுப்புறவனப் பத்தி பேசுறாரு. அவர் மனசுல இருந்தது திங்கள்ல இருந்து சனி வரைக்கும் உள்ள வாழ்க்கை.

இங்க ஒரு பழைய கதைய சொல்லணும், நம்மள்ல மெதடிஸ்ட் பின்னணி உள்ளவங்களுக்கு இது சொந்த வீட்டு கதை, மத்தவங்களுக்கும் உதவும். இங்கிலாந்துல பிரிஸ்டல் ஊர்ல 1742ல மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட ஆளுங்களுக்கு கட்டடக் கடன் இருந்துச்சு. கடன அடைக்க ஒரு வழி பண்ணாங்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி, பன்னெண்டு பேர் மாதிரி ஒரு குழு, குழுவுக்கு ஒருத்தர் பொறுப்பு, அவரு வீடு வீடா போய் காச வாங்கிட்டு வரணும். போன இடத்துல என்ன ஆச்சுன்னா, ஒருத்தன் பொண்டாட்டி கூட சண்ட போட்டுட்டு இருந்தான், இன்னொருத்தன் குடிச்சுட்டு கிடந்தான். காசு வாங்க போனவங்க வந்து இத சொன்னாங்க. வெஸ்லி உடனே புடிச்சிக்கிட்டாரு, நமக்கு வேண்டியது இதுதான்னு, காசு வாங்குற ஆளே இவங்க ஆத்துமாவையும் விசாரிக்கட்டும்னு. அதுல இருந்துதான் கிளாஸ் மீட்டிங்னு ஒன்னு பொறந்து, அந்த இயக்கத்துக்கே முதுகெலும்பா நின்னுச்சு. வந்தவங்கள்ல நிறைய பேர் கிங்ஸ்வுட் பக்கத்து நிலக்கரி சுரங்கத்துல வேல செஞ்ச கூலி ஆளுங்க. நம்ம தாத்தாமாரும் ரயில்வேயில, ரப்பர் தோட்டத்துல கூலி வேல செஞ்சவங்கதானே, அதனாலதான் இந்த கதை எனக்கு ரொம்ப கிட்டத்துல படுது.

இப்ப நம்ம காணிக்கை கியூஆர் கோட்ல போயிடுது. யாரும் யார் வீட்டு வாசலுக்கும் போக வேண்டிய அவசியமே இல்ல. வசதிதான், வேணாம்னு சொல்லல. ஆனா வாசலுக்கு போறது நின்னுபோச்சுன்னா அந்த வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு சபைக்கு எப்படி தெரியும்?

வீட்ட பத்தியே முதல்ல பேசுறேன், ஏன்னா ஒரு ஆம்பளையோட விசுவாசம் முதல்ல தெரியற இடம் அதுதான். எபேசியர் 5 நம்ம கல்யாணங்கள்ல எல்லாம் வாசிக்கிறோம். மனைவி கீழ்ப்படியணும்ங்கறத நல்லா அழுத்தி சொல்றோம், புருஷன் தலைங்கறத அதவிட அழுத்தி சொல்றோம். அதுக்கு முந்தின 21ஆம் வசனம் ஒருத்தருக்கு ஒருத்தர் கீழ்ப்படிஞ்சிருங்கன்னு சொல்லுது, அத வேகமா தாண்டிடுறோம். மனைவிக்குன்னு பவுல் எழுதுனது மூணு வசனம், 25ல இருந்து 33 வரைக்கும் அனேகமா எல்லாமே புருஷனுக்குத்தான், கிறிஸ்து சபைக்காக தன்னையே ஒப்புக்குடுத்த மாதிரி நீ குடுன்னு. தன்னையே குடுக்கறதுன்னா நம்ம ஊர்ல, ஒரு தாமான் வீட்டுல, ரெண்டு பேரும் வேலைக்கு போற குடும்பத்துல எப்படி இருக்கும்னு எந்த பிரசங்கத்துலயாவது சொல்லியிருக்கோமா? ஃபெடரல் ஹைவே ஜாம்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டு ரெண்டு பேருமே களைச்சுப் போய்த்தான் வர்றாங்க, அவன் சோஃபாவுல சாயறான், அவ நேரா அடுப்படிக்கு போறா. அந்த நேரத்துல எழுந்து போய் வெங்காயம் வெட்டுறவன் எபேசியர் 5ஐ வாசிச்சவன். இத நான் சாதாரணமா சொல்லல, பிள்ளைங்க அப்பாவ பாத்துத்தான் கடவுள் எப்படிப்பட்டவர்னு முதல்ல கத்துக்குதுங்க, கோபக்கார அப்பன் வீட்டுல வளர்ற பிள்ளைக்கு "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு சொல்றதுக்கே பயமா இருக்கும்.

1 பேதுரு 3:7 இன்னும் கடுமையா சொல்லுது. மனைவிக்கு கனம் குடுத்து வாழு, இல்லன்னா உன் ஜெபத்துக்கு தடை வரும்னு. அப்படின்னா சபையில முன்னாடி நின்னு உரக்க ஜெபிக்கிற ஆள் வீட்டுல எப்படி பேசுறான்ங்கறது சபைக்கு சம்பந்தப்பட்ட விஷயம். அவனோட தனிப்பட்ட விஷயம்னு விட முடியாது.

இதுல ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் கெஞ்ச மாட்டேன், உறுதியாவே சொல்றேன். அடி வாங்குன ஒரு பொம்பள உங்க ஆபீஸ் ரூமுக்கு வந்து அழுதா, ஜெபம் பண்ணுங்க சிஸ்டர், பொறுத்துப் போங்க, அவர் மாறுவாருன்னு சொல்லி அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பாதீங்க. குடும்ப வன்முறைக்கு எதிரா நம்ம நாட்டுல 1994லேயே சட்டம் வந்தாச்சு. போலீஸ்ல ரிப்போர்ட் குடுக்கலாம், அரசாங்கத்தோட உதவி லைன் தாலியான் காசே 15999க்கு எந்த நேரத்துலயும் கூப்பிடலாம். அந்த நம்பர சபையோட பெண்கள் டாய்லெட் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைங்க, செலவு ஒன்னும் இல்ல. அந்தம்மா பத்திரமா இருக்குறது முதல் காரியம், அத உறுதி பண்ண பிறகு, அவங்க சம்மதிச்சா மட்டும், ரெண்டு மூப்பர்மார் அந்த ஆள தனியா பாத்து பேசணும், சிரிச்சு மழுப்பாம பேசணும், பொறுப்புல இருந்தான்னா எறக்கணும். இத மாதர் சங்கத்து தலையில கட்டக் கூடாது, ஏன்னா ஒரு ஆம்பளைய கண்டிக்க வேண்டியது சக ஆம்பளைங்கதான். நாம அத செய்யாம இருக்குறதாலதான் பொம்பளைங்க வெளிய சொல்லவே பயப்படுறாங்க.

சின்ன குடும்பங்கள பத்தி ஒன்னு. 2023 ஜனவரி 1ல இருந்து தனியார் கம்பெனி ஆளுங்களுக்கும் பிள்ள பொறந்தா தகப்பனுக்கு 7 நாள் சம்பளத்தோட லீவுன்னு சட்டம் வந்திருக்கு, கல்யாணமாகி அந்த கம்பெனில ஒரு வருஷமாவது வேல செஞ்சிருக்கணும். நம்ம சபை தம்பிங்கள்ல இது தெரியாதவங்க இன்னும் இருக்காங்க, தெரிஞ்சும் தவுக்கே, அதாவது முதலாளி, மூஞ்சிய காட்டுவாருன்னு எடுக்காதவங்களும் இருக்காங்க. பிள்ளைய பிரதிஷ்டை பண்ண வர்றதுக்கு முன்னாடியே ஒரு அண்ணன் போய் தம்பி லீவு எடுத்தியாடா, ராத்திரி பிள்ளைய யாரு தூக்குறான்னு கேட்டா அது எவ்வளவு பெரிய ஊழியம்! மத்தேயுல யோசேப்ப பாருங்க, அந்த மனுஷன் பேசுன ஒரு வார்த்த கூட சுவிசேஷங்கள்ல இல்ல, ஆனா தூக்கத்துல இருந்து எழுந்தாரு, சொன்னத செஞ்சாரு, ராத்திரியோட ராத்திரியா பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்கு போனாரு. ஆம்பள விசுவாசத்துக்கு எனக்கு புடிச்ச முன்மாதிரி அவர்தான்.

வேல எடத்துக்கு வருவோம். நம்ம சபைகள்ல கூலி ஆளுங்களும் இருக்காங்க, கூலி குடுக்குறவங்களும் இருக்காங்க. லோரி வச்சிருக்கிறவங்க, கிளீனிங் காண்ட்ராக்ட், கேட்டரிங், செக்யூரிட்டி, புல் வெட்டுற காண்ட்ராக்ட். இவங்க காணிக்கையில நம்ம கட்டடங்கள் நிக்குது, நன்றியோட சொல்றேன். ஆனா அவங்க கிட்ட வேல செய்யற ஆளுக்கு என்ன குடுக்குறாங்கன்னு எந்த பாஸ்டராவது கேட்டதுண்டா? குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரில இருந்து 1,700 வெள்ளி, அஞ்சு பேருக்கு குறைவா வச்சிருக்கிற சின்ன தொழிலுக்கும் அந்த வருஷம் ஆகஸ்ட்ல இருந்து கட்டாயம். வாரத்துக்கு 45 மணி நேரம், அதுக்கு மேல போனா ஓவர்டைம் கணக்கு. சம்பளத்துல ஈபிஎஃப் சேமநிதிக்கு 11 விழுக்காடு புடிச்சிட்டு அத கட்டாம சொந்த செலவுக்கு பொரட்டுறது குற்றம், சட்டத்துலயும் குற்றம் தேவன் முன்னாடியும் குற்றம். யாக்கோபு 5:4ல புடிச்சு வச்ச கூலி கூக்குரல் போடுது, அந்த சத்தம் சேனைகளுடைய கர்த்தரோட காதுல விழுதுன்னு எழுதியிருக்கு. பங்களாதேஷ்ல இருந்து, நேப்பாள்ல இருந்து வந்த ஒரு ஆளோட பாஸ்போர்ட்ட டிராயர்ல பூட்டி வச்சிட்டு ஞாயித்துக்கிழம திருவிருந்துக்கு கை நீட்டுனா அந்த அப்பம் எப்படி எறங்கும்னு எனக்கு புரியல. போவாஸ் அறுப்பு வயலுக்கு வந்தப்ப வேலைக்காரங்கள கர்த்தர் உங்களோட இருப்பாராகன்னு வாழ்த்துனாரு, அதோட நிறுத்தல, வேத்து நாட்டுல இருந்து வந்த ரூத்த யாரும் தொடக் கூடாதுன்னு ஆளுங்களுக்கு கட்டளை போட்டாரு, தாகம் எடுத்தா அவங்க மொண்டு வச்ச தண்ணிய குடிச்சுக்கோன்னாரு. ஒரு கிறிஸ்தவ தவுக்கே எப்படி இருக்கணும்னு கேட்டா ரூத் 2ஆம் அதிகாரத்த எடுத்து குடுங்க, போதும்.

கூலி வாங்குற எங்க பக்கமும் இருக்கு. ஸ்டோர்ல இருந்து சாமான் நகர்த்துறது, பாஞ்ச் கார்ட் அடிச்சிட்டு வெளிய போறது, பொய்யா வாங்குற எம்சி (டாக்டர் குடுக்குற லீவு சீட்டு), பாக்குறவன் இல்லன்னு அரை வேல. இதெல்லாம் பாவம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் யார்கிட்டயும் கேக்குறதில்ல, அதனால அப்படியே போயிட்டு இருக்கு.

அப்புறம் காசு. நம்பர் எடுக்குறது, அதாவது லாட்டரி நம்பர் வாங்குறது, நம்ம ஆளுங்க மத்தியில எவ்வளவு சகஜம்னு உங்களுக்கு தெரியும், காடி எக்சிடெண்ட் ஆனா முதல்ல பிளேட் நம்பர எழுதிக்கிறாங்க. இப்ப கடைக்கு கூட போக வேணாம், கைபோன்லயே சூதாட்டம் வந்துடுச்சு, ராத்திரி ஷிஃப்ட்ல இருக்குற பையனுக்கு அது பெரிய கண்ணி. அதுல விட்டத புடிக்க, லைசென்ஸ் இல்லாம வட்டிக்கு விடுற ஆலோங் கிட்ட போறான், ஆலோங் வீட்டு கேட்ல சிவப்பு பெயிண்ட் ஊத்துன பிறகுதான் பொண்டாட்டிக்கே தெரியுது. எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, நல்லா கித்தார் வாசிப்பான், பேர் சொல்ல மாட்டேன், கடன்ல மாட்டிக்கிட்டு சபைக்கு வர்றதையே நிறுத்திட்டான். அவன் ஏன் வரலன்னு கேட்டதுக்கு எங்க ஆளுங்க பின்மாற்றம்னு சொன்னாங்க. உண்மையில அவனுக்கு வெக்கம். யாராவது ஒருத்தர் முன்னாடியே கிட்ட உக்காந்து தம்பி சம்பளம் வந்ததும் எங்க போகுதுன்னு கேட்டிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. குடியும் இதே கணக்குதான். தோட்டத்து கள்ளுக்கடையும் சம்சு சாராயமும் நம்ம தாத்தா காலத்துல எத்தன குடும்பத்த அழிச்சுதுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு கதை உண்டு, இப்ப அது டின்ல வருது, ஏர்கான் போட்ட எடத்துல வருது, அவ்வளவுதான் வித்தியாசம். கைபோன்ல ராத்திரி பாக்குற அசிங்கத்த பத்தி நான் விரிவா எழுதல, யோபு 31ஆம் அதிகாரம் முதல் வசனத்த ஆம்பளைங்க மட்டும் உக்காந்து வாசிங்க, அதுல எல்லாம் இருக்கு.

இன்னொன்னு, இதுதான் எனக்கு ரொம்ப பயம். ஆம்பளைங்க வாய தொறக்காமயே உடைஞ்சு போறாங்க. 2020ல கோவிட்டுக்காக எம்சிஓ, அதாவது ஊரடங்கு, போட்டப்ப எத்தன பேருக்கு வேல போச்சு, எத்தன பேர் கிராப் ஓட்ட எறங்குனாங்க, இன்னும் அதுல இருந்து எந்திரிக்காதவங்க நம்ம மத்தியில இருக்காங்க. எலியா எவ்வளவு பெரிய ஆளு, கர்மேல் மலையில அக்கினிய எறக்குனவரு, அடுத்த அதிகாரத்துலயே சூரைச்செடி கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்"ங்கறாரு. தேவன் அவருக்கு விசுவாசம் பத்தலன்னு பிரசங்கம் பண்ணாரா? தூங்க விட்டாரு. தூதன அனுப்பி தொட்டு எழுப்பி சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தாரு, திரும்ப தூங்க விட்டாரு, திரும்ப எழுப்பி நீ போக வேண்டிய தூரம் ரொம்ப இருக்கு சாப்புடுன்னாரு. பேச்சு எல்லாம் அதுக்கு அப்புறம்தான். நம்ம சபையில ஒரு ஆம்பள எனக்கு வாழவே புடிக்கலன்னு சொன்னா, அவனுக்கு உடனே கிடைக்கிறது விசுவாசத்த விடாதீங்க பிரதர்ங்கற ஒரு வரி. தயவு செஞ்சு அப்படி சொல்லாதீங்க. கூட உக்காருங்க, அன்னைக்கு ராத்திரி தனியா விடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டு போங்க, பிஃப்ரெண்டர்ஸ் மாதிரி மனக்கஷ்டத்த காது குடுத்து கேக்குறதுக்குன்னே இருக்குற ஆளுங்க நம்ம ஊர்ல ரொம்ப காலமா இருக்காங்க, அவங்க நம்பர குடுங்க. தற்கொலை முயற்சிய குற்றமா வச்சிருந்த சட்டத்தையே நம்ம நாடாளுமன்றம் 2023ல எடுத்துடுச்சு, மாட்டிக்குவோமோன்னு பயப்படாம உதவி கேக்கலாம். நாடே எறங்கி வந்திருக்கு, சபை இன்னும் அவன குற்றவாளி மாதிரி பாத்தா எப்படி?

சாட்சியா வாழுறது பத்தியும் ஒரு வார்த்த. 2020 மக்கள் தொகை கணக்குப்படி இந்த நாட்டுல கிறிஸ்தவங்க 9.1 விழுக்காடு, அதுலயும் பெரும் பகுதி சபா சரவாக்ல. அதனால கேஎல்ல ஒரு தமிழ் கிறிஸ்தவன் வேல எடத்துல அனேகமா தனி ஆளு. பக்கத்து மேசையில முஸ்லிம், எதிர்ல பௌத்தர், சொந்த அண்ணனே இந்துவா இருப்பாரு, நம்ம குடும்பங்கள்ல இது ரொம்ப சாதாரணம். நம்ம நாட்டு சட்டத்துல யார்கிட்ட மதத்த பத்தி பேசலாம் பேசக்கூடாதுன்னு எல்லை இருக்கு, அத மதிக்கணும். ஆனா நேர்மையா இருக்குறதுக்கும், நோன்பு மாசத்துல நண்பனோட ஷிஃப்ட்ட மாத்தி எடுத்துக்குறதுக்கும், பெரியப்பா செத்தா காரியம் முடியுற வரைக்கும் அந்த வீட்டுல நின்னு தண்ணி மொண்டு பாத்திரம் கழுவுறதுக்கும் எந்த எல்லையும் இல்ல. சடங்குல நான் கலந்துக்கல, ஆனா சொந்தத்த விட்டு நான் ஓடலன்னு அவங்களுக்கு தெரியணும். இந்துவா இருக்குற சொந்தக்காரங்க சாவுக்கே போகக் கூடாதுன்னு சில எடத்துல சொல்லிக் குடுக்குறாங்க, அது தப்புன்னு என் மனசு சொல்லுது, லாசருவோட கல்லறைக்கு போய் அழுத இயேசுவ பின்பத்துறவன் சாவு வீட்டுக்கு வெளிய நிக்க முடியாது.

சரி, என்ன செய்யணும்னு கேப்பீங்க. பெரிய ப்ரோகிராம் எதுவும் வேணாம். பேனர், டி-சர்ட், போர்ட் டிக்சன்ல கேம்ப், இதெல்லாம் இல்லாமலே ஆரம்பிக்கலாம். மூணு பேர், மிஞ்சினா நாலு பேர், வாரத்துக்கு ஒரு தடவ, ஒரு மணி நேரம். ஒரு வசனம் வாசிக்கணும், அப்புறம் ஒருத்தர ஒருத்தர் கேக்கணும், வீட்டுல எப்படி போச்சு, வேலையில எப்படி போச்சு, காசு எப்படி, குடிச்சியா, கோவப்பட்டியா, ஜெபம் பண்ண முடிஞ்சுதா. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்"னு யாக்கோபு சொன்னத அப்படியே செய்யறதுதான் இது. முதல் ரெண்டு மூணு வாரம் யாரும் உண்மைய பேச மாட்டாங்க, அது பரவால்ல, தொடர்ந்து உக்காந்தா ஒருநாள் ஒருத்தன் பேசுவான், ஒருத்தன் பேசிட்டா மத்தவன் பேசுவான்.

நேரத்த கொஞ்சம் பாத்து வைங்க. சனிக்கிழம காலைல எட்டு மணின்னா ஆபீஸ்காரங்களுக்கு மட்டும்தான் சரி, பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட் முடிச்சு காலைல ஏழு மணிக்கு வெளிய வர்ற ஃபேக்டரி ஆளுக்கும், போர்ட் கிளாங்ல இருந்து கன்டெய்னர் ஓட்டிட்டு வர்றவனுக்கும், செக்யூரிட்டி கார்டுக்கும் அது தூங்குற நேரம். இந்த ஆளுங்கதான் சபைக்கு கொஞ்சம் கொஞ்சமா வராம போறவங்க, இவங்களுக்காக மூப்பர்மார் நேரத்த மாத்திக்கணும். ராத்திரி பதினோரு மணிக்கு மாமாக் கடையில ஒரு தே தாரிக் டீய வச்சிக்கிட்டு உக்காந்தாலும் ஆவியானவர் அங்கயும் இருப்பாரு.

இதுல ஒரே ஒரு கட்டுப்பாடு கண்டிப்பா வேணும். அங்க பேசுனது அங்கயே நிக்கணும், ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா தவிர, ஒரு பொம்பளையோ பிள்ளையோ அடி வாங்குதுன்னா தவிர. ஜெபக் குறிப்புங்கற பேர்ல வாட்சாப்ல போயிட கூடாது. பிரதர் இன்னாரோட குடிப்பழக்கத்துக்காக ஜெபிப்போம்னு குரூப்ல போட்டு ஒரு மனுஷன சபைய விட்டே விரட்டுனத நான் என் கண்ணால பாத்திருக்கேன், அவர் இன்னைக்கு வரைக்கும் எந்த சபைக்கும் போகல. அதே மாதிரி, பாஸ்டர் ஐயா, உங்களுக்கும் இப்படி மூணு பேர் வேணும். எல்லாருடைய பாரத்தையும் நீங்க சுமக்குறீங்க, உங்க பாரத்த கேக்க யாரும் இல்ல, உங்க சபைக்குள்ள முடியலன்னா பக்கத்து சபை பாஸ்டரோட உக்காருங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்ல நடக்குற தூரத்துலயே லுத்தரன், மெதடிஸ்ட், கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் கோயில்கள் எல்லாம் இருக்கு, உபதேசத்துல ஆயிரம் வித்தியாசம் இருக்கட்டும், எங்க ஆம்பளைங்க எல்லாரும் ஒரே மாமாக்ல, ஒரே ஆலோங் கிட்ட, ஒரே ஜாம்லதான் இருக்காங்க.

ஆண்கள் ஞாயிறு வருது, வழக்கம் போல நாங்க எல்லாரும் ஒரே கலர் சட்டை போட்டு முன்னாடி நின்னு ஒரு பாட்டு பாடுவோம், பாடுறோம், சந்தோஷம். அதுக்கு முந்தின மாசத்து லீடர்ஸ் மீட்டிங்ல இந்த மடல ஒரு அஜெண்டாவா வைங்க. யார் யார் எந்த மூணு பேர்னு அன்னைக்கே பேர் எழுதுங்க, பட்டியல்ல முதல்ல ஆறு மாசமா சபைக்கு வராத ஆம்பளைங்க பேர எழுதுங்க, ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அவன் வீட்டுக்கு போகப் போறவர் பேர எழுதுங்க. எடம் இல்லன்னு சொன்னா எங்க வீட்டு ஹால் இருக்கு, வியாழக்கிழம ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கேட் தொறந்துதான் இருக்கும், என் வீட்டம்மாவும் சரின்னு சொல்லிட்டாங்க, டீ நானே போடுவேன். அந்த கித்தார் தம்பி பேர என் பேருக்கு பக்கத்துல எழுதிக்கோங்க, நான் போறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரன்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்